கணப்புக்குள் ஓர் அடுப்பு

கணப்பு என்பது சுவரோடு சேர்த்துக் கட்டிய செங்கல் மாடமும், அதன் மேலிருந்து கூரையைத் தாண்டி எழும் புகைபோக்கியும் சேர்ந்த அமைப்பு. விறகு அடுப்பு என்று இங்கே குறிக்கப்படுவது சமையலுக்கானது அன்று; அறையைச் சூடாக்குவதற்காக வார்ப்பிரும்பிலோ தடித்த எஃகுத் தகட்டிலோ செய்யப்பட்டு, கண்ணாடிக் கதவும் காற்றை அளந்து விடும் திறப்பும் கொண்ட மூடிய பெட்டி அது. ஏற்கெனவே உள்ள மாடத்துக்குள் இந்தப் பெட்டியைத் தள்ளி வைத்து, அதன் புகைவாயைப் பழைய புகைபோக்கியின் அடியில் நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுவது இயல்பு. நெருப்புக்கு இடம் இருக்கிறது, புகைக்கு வழி இருக்கிறது, இனி என்ன வேண்டும் என்ற கேள்வியும் நியாயமாகவே படும். ஆனால் அந்தப் புகைபோக்கி, விறகின் வெப்பத்தில் பெரும்பகுதி தன் வழியே வெளியேறும் என்ற கணக்கில் கட்டப்பட்டது. வீணாகப் போன அந்த வெப்பமே அதை இயக்கியும் வந்தது. வெப்பத்தை அறையிலேயே நிறுத்திக்கொள்ளும் அடுப்பு ஒன்றை அதன் அடியில் வைத்தவுடன், புகைபோக்கி தன்னை இயக்கிய விசையை இழந்துவிடுகிறது. அடுப்புப் பொருத்தும் வேலையில் முக்கால் பங்கு புகைபோக்கியைத் திருத்தும் வேலையாகவே இருப்பதற்கு இதுவே காரணம். இச்சொற்பொழிவு விளக்க முற்படுவதும் இதையே.

தமிழ்நாட்டுச் சமவெளியில் வாழ்வோர்க்குக் கணப்பு பழக்கமில்லாத பொருள். உதகமண்டலத்திலும் கொடைக்கானலிலும் ஆங்கிலேயர் கட்டிய பழைய பங்களாக்களில் அதைக் காணலாம், ஆயினும் அங்கே அது பெரும்பாலும் மாலை நேரத்துக் குளிரை விரட்டும் அளவுக்கே பயன்பட்டது. ஆறு மாதம் உறைபனியோடு வாழும் நிலப்பகுதியில்தான் கணப்பின் குறைகள் முழுமையாக வெளிப்படும் என்பதால், அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மேய்ன், நியூ ஹாம்ப்ஷயர், வெர்மாண்ட், மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட், கனெக்டிகட் என்னும் ஆறு மாநிலங்களைக் கொண்ட நியூ இங்கிலாந்து வட்டாரத்தை எடுத்துக்கொள்வது பொருத்தமாகும். கணப்பைத் திருத்த முனைந்தவர்களுள் மிகப் புகழ்பெற்ற இருவர் பிறந்த மண்ணும் அதுவே.

முதலில் புகைபோக்கி எவ்வாறு இயங்குகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். புகைபோக்கிக்குள் இருக்கும் சூடான வளி, வெளியே அதே உயரத்துக்கு நிற்கும் குளிர்ந்த காற்றைவிட எடை குறைந்தது. இந்த எடை வேறுபாடே கீழிருந்து காற்றை உள்ளே தள்ளிப் புகையை மேலே ஏற்றுகிறது. இதையே இழுவை என்று வழங்குவர். இழுவை எவ்வளவு மெலிந்த விசை என்பது கணக்கிட்டுப் பார்த்தால்தான் விளங்கும். வெளியே 0 டிகிரி செல்சியஸ் குளிரும், 7 மீட்டர் உயரமுள்ள புகைபோக்கிக்குள் சராசரியாக 200 டிகிரி வெப்பமும் இருப்பதாகக் கொண்டு, காற்றின் அடர்த்தியை வைத்து, உராய்வைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், கிடைக்கும் அழுத்த வேறுபாடு ஏறத்தாழ 37 பாஸ்கல். இது வளிமண்டல அழுத்தத்தில் 2,500-இல் ஒரு பங்குகூட இல்லை. உள்வெப்பம் 60 டிகிரிக்கு இறங்கினால் அதே புகைபோக்கியின் இழுவை 16 பாஸ்கலாகச் சுருங்குகிறது. சமையலறையில் ஆவியை வெளியேற்றும் மின்விசிறி ஒன்று முழு வேகத்தில் ஓடினாலே, காற்றுப் புகாதபடி இறுக்கமாகக் கட்டிய வீட்டில் இந்த விசை தடுமாறத் தொடங்கும்.

திறந்த கணப்பில் இந்தக் கவலை எழுவதில்லை. அது ஒரு நிமிடத்துக்குப் பல நூறு கன அடிக் காற்றை வீட்டிலிருந்து உறிஞ்சிக் கூரைக்கு மேல் கொட்டுகிறது. விறகின் வெப்பத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் அறைக்குக் கிடைக்கிறது. வெளியேறும் காற்றுக்கு ஈடாகக் கதவிடுக்கு வழியாகவும் சன்னல் இடுக்கு வழியாகவும் உறைகுளிர்க் காற்று உள்ளே வருவதால், கடுங்குளிர் நாள்களில் கணப்பு உள்ள அறை மட்டும் சூடாகி, வீட்டின் மற்ற அறைகள் முன்பைவிடக் குளிர்ந்துபோவதும் உண்டு. முகம் சுடும், முதுகு நடுங்கும் என்னும் நிலை. மூடிய நவீன அடுப்போ, விறகு எரியத் தேவையான காற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, வெப்பத்தில் 70 முதல் 80 விழுக்காட்டை அறைக்குத் தருகிறது. எஞ்சிய சிறு பங்கைக் கொண்டுதான் புகைபோக்கி இயங்க வேண்டும்.

அந்த இருவருள் இந்தச் சிக்கலில் முதலில் மோதியவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். 1706-இல் பாஸ்டனில் பிறந்து ஃபிலடெல்ஃபியாவில் அச்சுத்தொழில் நடத்திய அவர், 1742-ஐ ஒட்டி வடிவமைத்து 1744-இல் சிறுநூல் வழியாக அறிமுகப்படுத்திய இரும்புக் கணப்பில், புகை ஒரு காற்றுப்பெட்டியின் மேல் ஏறி, அதன் பின்புறம் கீழிறங்கி, தரையை ஒட்டிச் சென்று, பிறகே புகைபோக்கியை அடையும். அந்தச் சுற்றுவழியில் புகை தன் வெப்பத்தைப் பெட்டிக்குள் ஓடும் காற்றிடம் கொடுத்துவிட்டுப் போகும் என்பது கருத்து. கருத்தில் பிழை இல்லை. வெப்பத்தைக் கொடுத்துவிட்ட புகை எதன் வலிமையால் மேலே ஏறும் என்பதற்குத்தான் அந்த அமைப்பில் விடை இல்லை. புகைபோக்கி நன்கு சூடேறியிருந்தால் இயங்கிய அது, குளிர்ந்திருந்த வேளைகளில் புகையை அறைக்கே திருப்பி அனுப்பியது. ஆகவே பின்னாளில் மக்கள் அந்தச் சுற்றுவழியை நீக்கிவிட்டு, முன்புறம் திறந்த வெறும் இரும்புப் பெட்டியை ஃபிராங்க்ளின் அடுப்பு என்ற பெயரால் வாங்கினர். காப்புரிமை தர ஆளுநர் முன்வந்தும் வேண்டாமென்று மறுத்த அந்த மனிதரின் பெயர், அவருடைய கண்டுபிடிப்பின் சாரம் இல்லாத பொருளோடு ஒட்டிக்கொண்டது.

மற்றவர் பெஞ்சமின் தாம்சன். பாஸ்டனிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வோபர்னில் 1753-இல் பிறந்து, அமெரிக்க விடுதலைப் போரில் ஆங்கிலேயர் பக்கம் நின்றதால் நாட்டைவிட்டு வெளியேறி, பவேரிய அரசில் பணியாற்றி ரம்ஃபோர்டு பிரபு என்ற பட்டம் பெற்ற அவர், 1796-இல் கணப்புகளைப் பற்றிய கட்டுரையை லண்டனில் வெளியிட்டார். ஃபிராங்க்ளினைப் போலப் புகையிடமிருந்து வெப்பத்தைக் கறக்க அவர் முயலவில்லை. மாடத்தின் ஆழத்தைக் குறைத்து, பின்சுவரின் அகலம் முன்வாயின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்காக இருக்கும்படி பக்கச்சுவர்களைச் சாய்த்து, நெருப்பின் கதிர்வெப்பம் அறைக்குள் திரும்பும்படி செய்தார். மாடம் புகைபோக்கியாகக் குறுகும் இடத்துக்குக் கழுத்து என்று பெயர். அதன் அகலத்தை 4 அங்குலத்துக்குச் சுருக்கி, தேவையற்ற காற்று மேலே ஓடுவதைத் தடுத்தார். கொத்தனார் ஒருவர் சில செங்கற்களையும் சுண்ணாம்புக் கலவையையும் கொண்டு செய்து முடிக்கக்கூடிய இந்தத் திருத்தம் லண்டன் வீடுகளில் விரைவாகப் பரவியது. ரம்ஃபோர்டு கண்ட 4 அங்குலக் கழுத்து, இருநூறு ஆண்டுகளுக்குப் பின் 6 அங்குலக் குழாயோடு வரும் வேலையாளுக்குப் பெரும் தலைவலியாக அமைந்தது வேறு கதை. அது பின்னர் வரும்.

நிலக்கரியும், அடித்தளத்தில் எரியும் எண்ணெய்க் கொதிகலனும் வந்தபின் நியூ இங்கிலாந்தில் கணப்பு அலங்காரப் பொருளாயிற்று. பழைய குடியேற்ற காலத்து வீடுகளில் புகைபோக்கி வீட்டின் நடுவே, பல கணப்புகளுக்குப் பொதுவான பெருந்தூணாக நின்று, தன் சுவர்களில் ஏறிய வெப்பத்தை இரவெல்லாம் வீட்டுக்கே திருப்பித் தந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் எழுந்த புறநகர் வீடுகள் பலவற்றில் அது வீட்டின் பக்கச்சுவருக்கு வெளியே, மூன்று புறமும் பனிக்காற்று படும்படி ஒதுக்கிக் கட்டப்பட்டது. அலங்காரத்துக்கு அது போதும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் மூட்டும் பெருநெருப்பு அந்தக் குளிர்ந்த தூணையும் சூடாக்கிவிடும். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்து, சில மாதங்களில் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானபோது, எண்ணெயை நம்பியிருந்த இவ்வட்டாரத்து மக்கள் தங்கள் வீட்டுக் கணப்பை நோக்கித் திரும்பினர். நார்வே நாட்டு யோதுல் நிறுவனத்தின் வார்ப்பிரும்பு அடுப்புகள் கப்பலில் வந்திறங்கின; 1975-இல் வெர்மாண்ட் மாநிலத்து ராண்டால்ஃபில் வெர்மாண்ட் காஸ்டிங்ஸ் என்னும் நிறுவனம் தோன்றியது; ஊருக்கு ஊர் சிறு பட்டறைகள் தகட்டை வெட்டிப் பற்றவைத்துப் பெட்டி அடுப்புகள் செய்யத் தொடங்கின.

அக்காலத்தில் மிகப் பரவலாக விற்றது, கணப்பு மாடத்துக்குள் நுழைக்கும் வடிவில் செய்த உள்ளடுப்பு. அதைப் பொருத்திய முறை இன்று வியப்பூட்டும். 150 முதல் 200 கிலோ எடையுள்ள பெட்டியை மாடத்துக்குள் தள்ளி, அதைச் சுற்றியுள்ள இடைவெளியை முன்புறத் தகடு ஒன்றால் மூடி, ஓரங்களில் கண்ணாடி இழைப் பஞ்சைத் திணித்தனர். பெட்டியின் மேலுள்ள புகைவாய்க்குக் குழாய் எதுவும் இல்லை. புகை பெட்டியிலிருந்து வெளியேறி, மாடத்தின் வெற்றிடத்தில் பரவி, தானே கழுத்தைத் தேடிக் கண்டுபிடித்து மேலே போக வேண்டும். புகைபோக்கி துடைக்கும் தொழிலாளர்கள் இவற்றுக்கு ஸ்லாமர் என்று பெயர் வைத்தனர். வாங்கியவர்கள் மகிழ்ந்தே இருந்தனர், ஏனெனில் ஒரு கட்டு விறகு இரவு முழுவதும் கனன்றது. எண்ணெய்ச் செலவும் கண்ணெதிரே குறைந்தது. காற்றுத் திறப்பை எவ்வளவு இறுக்கி மூடினால் விறகு எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதே அக்காலத்துப் பெருமைப் பேச்சாக இருந்தது. கழுத்துக்கு மேலே என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டுமானால் அந்த 200 கிலோப் பெட்டியை வெளியே இழுக்க வேண்டும்.

அங்கே சேர்ந்துகொண்டிருந்தது கிரியோசோட் என்னும் தார்ப்படிவு. விறகு சூடேறும்போது முதலில் நீராவியும், பிறகு எரியக்கூடிய பல்வேறு வளிகளும் ஆவிகளும் வெளிப்படுகின்றன; இவை முழுமையாக எரிய ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வெப்பமும் போதிய காற்றும் வேண்டும். காற்றை இறுக்கி மூடிய பெட்டியில் இரண்டும் இல்லை. எரியாத ஆவி மேலே சென்று, 120 டிகிரிக்குக் குறைவான பரப்பில் பட்டவுடன் நீரோடு சேர்ந்து படிகிறது. முதலில் அது தூரிகையால் துடைத்துவிடக்கூடிய கருந்தூளாக இருக்கும். அடுத்த நிலையில் மொறுமொறுப்பான செதில்களாகும். தொடர்ந்து ஈரமும் சூடும் மாறி மாறிப் பட்டால், கம்பித் தூரிகைக்கும் அசையாத, பளபளக்கும் கண்ணாடிப் பூச்சுப் போல் இறுகிவிடும். மூன்றாம் நிலைப் படிவு தீப்பற்றினால் புகைபோக்கிக்குள் வெப்பம் 1,000 டிகிரியைத் தாண்டும்; உட்சுவராகப் பதித்த சுடுமண் குழாய்கள் வெடித்துப் பிளக்கும்; பிளவு வழியே நெருப்பு அருகிலுள்ள மரச்சட்டங்களை எட்டும். ஸ்லாமர் வகையில் இந்தப் படிவுக்கு இரண்டு இடங்கள் வாய்த்திருந்தன. ஒன்று, கழுத்துக்கு மேல் புனல் கவிழ்த்ததுபோல் குறுகிச் செல்லும் புகையறை. மற்றொன்று, அதன் அடியில் பின்புறமாக, மேலிருந்து இறங்கும் குளிர்காற்றைத் தடுப்பதற்காக அமைத்த புகைத்திட்டு. மேலிருந்து உதிர்ந்த செதில்கள் இந்தத் திட்டில் குவிந்து, அடுப்பின் தலைக்கு நேர் மேலே எரிபொருளாகக் காத்திருந்தன.

இங்கே ஈர விறகின் பங்கைப் பற்றி நிலவும் ஒரு கருத்தைச் சற்றுத் திருத்த வேண்டியிருக்கிறது. ஈர விறகில் உள்ள நீரை ஆவியாக்கவே வெப்பம் எல்லாம் செலவாகிவிடுகிறது என்பர். எடையில் பாதி நீராக உள்ள 10 கிலோ பச்சை விறகை எடுத்துக்கொண்டால், அதிலுள்ள 5 கிலோ நீரைச் சூடாக்கி ஆவியாக்க ஏறத்தாழ 13 மெகாஜூல் செலவாகும். மீதியுள்ள 5 கிலோ உலர்பொருள் தரக்கூடியதோ 90 மெகாஜூல் அளவு. ஏழில் ஒரு பங்குதான் நேரடி இழப்பு. உண்மையான கேடு வேறிடத்தில் நிகழ்கிறது: நீராவி நெருப்பறையின் வெப்பத்தை அந்த 600 டிகிரிக்குக் கீழே பிடித்து வைப்பதால் ஆவிகள் எரியாமலே புகைபோக்கிக்குப் போகின்றன, அதாவது இழப்பும் படிவும் ஒரே மூலத்திலிருந்து பிறக்கின்றன. நன்றாகக் காய்ந்த விறகும் நீரைத் தராமல் இல்லை. விறகில் எடைக்கு 6 விழுக்காடு அளவு இருக்கும் ஹைட்ரஜன் எரிந்து, ஒவ்வொரு கிலோ உலர்விறகுக்கும் அரைக் கிலோவுக்கு மேல் நீராவியை உண்டாக்குகிறது. ஆகவே எவ்வளவு நல்ல விறகானாலும், எவ்வளவு நல்ல அடுப்பானாலும், புகைபோக்கியின் உட்சுவர் குளிர்ந்திருந்தால் அது நனையும். காய்ந்த விறகு மட்டுமே போதும் என்று சொல்லிப் புகைபோக்கியைத் திருத்தாமல் விடுவோர்க்கு இதுவே மறுமொழி.

தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 211-ஆம் எண் தரவிதி, அமெரிக்காவில் புகைபோக்கிகளுக்கும் விறகு அடுப்புகளுக்கும் அடிப்படை ஆவணம். ஸ்லாமர் அனுபவத்துக்குப் பின் அது உள்ளடுப்பின் புகைவாயைக் குழாயால் புகைபோக்கியோடு நேரடியாக இணைத்தே ஆக வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அதில் ஓர் அளவுவிதி உண்டு. சுவர்கள் அனைத்தும் வீட்டுக்குள் இருக்கும் புகைபோக்கியானால் அதன் குறுக்குப்பரப்பு, அடுப்பின் புகைவாய்ப் பரப்பைப்போல் மூன்று மடங்கை மீறக்கூடாது. கூரைக்குக் கீழே ஒரு சுவரேனும் வெளிக்குளிரில் நின்றால் இரண்டு மடங்கை மீறக்கூடாது. 6 அங்குல விட்டமுள்ள புகைவாயின் பரப்பு 28 சதுர அங்குலம். எனவே உள்ளே நிற்கும் புகைபோக்கிக்கு ஏறத்தாழ 85 சதுர அங்குலமும், வெளியே நிற்பதற்கு 56 சதுர அங்குலமும் எல்லை. திறந்த கணப்புக்காகக் கட்டிய, உள்ளளவில் 12-க்கு 12 அங்குலம் உள்ள சதுரக் குழாயின் பரப்போ 144 சதுர அங்குலம், ஐந்து மடங்கு. அடுப்பின் மெல்லிய புகை அதற்குள் நுழைந்ததும் வேகம் குன்றி, சுவர்களைத் தடவித் தடவி வெப்பம் இழந்து, உச்சியை அடையும்போது இழுவைக்கு எதுவும் மிஞ்சாமல் போகும். இந்த விதியை வெறும் சட்டவிதியாகப் பார்ப்பதைவிட, ஃபிராங்க்ளின் தவறவிட்ட விடையை எண்ணில் எழுதியதாகப் பார்ப்பதே சரியாகும்.

விடை, பெரிய குழாய்க்குள் சிறிய குழாயை இறக்குவது. லைனர் என்று தொழிலில் வழங்கும் இந்த உட்குழாய், துருப்பிடிக்காத எஃகுத் தகட்டை நெளிநெளியாக மடித்துச் செய்யப்படுகிறது. கையால் வளைக்கலாம், சுருளாகக் கொண்டுவரலாம். விறகுக்குப் பெரும்பாலும் 316 வகை எஃகு பயன்படுகிறது. இறக்குவதற்கு முன்னால் பழைய படிவு முழுவதும் துடைக்கப்பட வேண்டும். ஒளிப்படக்கருவியைக் கயிற்றில் இறக்கிச் சுடுமண் குழாய்களில் விரிசலும் மூட்டு விலகலும் உண்டா என்று பார்க்க வேண்டும். பிறகு கழுத்தில் உள்ள டாம்பர், அதாவது கணப்பு எரியாத வேளையில் புகைபோக்கியை மூடும் வார்ப்பிரும்பு மடிப்புக் கதவு, கழற்றப்படும். அதன் சட்டம் செங்கல்லோடு பதிந்திருக்கும். திறப்பு 4 அல்லது 5 அங்குலமே இருக்கும். 6 அங்குலக் குழாய் அதில் நுழைய வேண்டுமானால், சட்டத்தின் ஒரு பகுதியை வெட்டுச் சக்கரத்தால் அறுத்தெடுக்க வேண்டும், அல்லது அந்த இடத்தில் மட்டும் குழாயை நீள்வட்டமாக நசுக்கிக்கொள்ள வேண்டும். மாடத்துக்குள் மல்லாந்து படுத்து, முகத்தின்மேல் கரியும் இரும்புத்தூளும் கொட்ட, ஒரு கை மட்டும் நுழையும் இடத்தில் செய்யும் இந்த அறுப்புதான் முழு வேலையிலும் கடினமானது. இதைத் தவிர்க்கும் ஆசையிலேயே பலர் குழாயைக் கழுத்துக்கு மேல் சிறிது தூரத்தோடு நிறுத்திவிடுகின்றனர்.

கழுத்து திறந்தபின், லைனர் வெளியே புல்தரையில் நீட்டப்பட்டு, ஏறத்தாழ அரை அங்குலத் தடிப்புள்ள பீங்கான் இழைப் போர்வை அதன்மேல் சுற்றப்படும்; போர்வைக்கு வெளியே எஃகு வலை இழுத்துப் பூட்டப்படும், இல்லையேல் செங்கல் முனைகளில் உரசிப் போர்வை கிழியும். கீழ்முனையில் கூம்பு ஒன்றை மாட்டி, அதில் கட்டிய கயிற்றைப் புகைபோக்கி வழியே மாடத்துக்கு விட்டுவிட்டு, ஒருவர் கூரைமேல் நின்று குழாயை ஊட்ட, மற்றொருவர் கீழிருந்து இழுக்க வேண்டும். புகையறையின் வளைவில் அது சிக்கும். மேலே இருப்பவர் சற்றுத் தூக்கித் திருப்பிக் கொடுத்தால் வழுக்கி இறங்கும். வலிந்து இழுத்தால் நெளிவுகள் பிரிந்துவிடும். உச்சியில் எஃகுத் தகடு ஒன்று குழாயைப் பிடித்து நிறுத்தி, பழைய புகைபோக்கியின் வாயையும் மூடுகிறது, அதன்மேல் மழைத்தொப்பி. அடியில் குழாய் அடுப்பின் புகைவாயில் திருகாணிகளால் பூட்டப்படுகிறது. போர்வை சுற்றாமல் வெறும் லைனரை இறக்கினால் செலவு குறையும் என்று சொல்லும் விற்பனையாளர்கள் உண்டு. வெளிச்சுவரில் நிற்கும் புகைபோக்கியில் அது குளிர்ந்த கிணற்றுக்குள் குழாயைத் தொங்கவிட்டதற்கு ஒப்பாகும் என்பதால், அங்கே அந்தச் சிக்கனம் பொருளற்றது. போர்வைக்கு வேறொரு பயனும் இருக்கிறது: பழைய வீடுகளில் புகைபோக்கிச் செங்கல்லோடு ஒட்டியே உத்தரங்கள் நிற்கும், விதி கேட்கும் 2 அங்குல இடைவெளி இராது; வெப்பக்காப்புச் செய்த லைனர் அந்தக் குறையை ஈடுசெய்யும் என்று சோதனைச் சான்றிதழே ஏற்கிறது.

பலரும் விட்டுவிடும் இன்னொரு பொருள் அடைப்புத் தகடு. லைனர் கழுத்தைக் கடக்கும் இடத்தில் அதைச் சுற்றியுள்ள வெற்றிடத்தை மூடாவிட்டால், அடுப்பின் முதுகும் தலையும் விடும் வெப்பம் பழைய புகைபோக்கிக்குள் ஏறி, கூரைக்கு அடியில் சேர்ந்து, செங்கல் வழியாக வெளியே போய்விடுகிறது. அடுப்பு வாங்கிய பணத்தில் ஒரு பங்கு ஒவ்வோர் இரவும் இவ்வாறு கரைகிறது. கழுத்தின் அளவுக்கு ஒரு தகட்டை வெட்டி, நடுவே குழாய்க்கு வட்டத்துளை இட்டு, இரண்டு பாதியாகப் பொருத்தி, விளிம்புகளைத் தீச்சாந்தால் அடைத்து, மேலே கனிமக் கம்பளியைப் பரப்பினால் போதும். கண்ணாடி இழைப் பஞ்சு இதற்கு ஆகாது. அதன் பிசின் கருகி நாறும், இழையும் மிகுந்த வெப்பத்தில் உருகும். தகரக் கத்தரியும் அட்டை மாதிரியும் கொண்டு ஒரு பிற்பகலில் செய்யக்கூடிய இந்தத் தகடு, முழு வேலையிலும் மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் தருவது.

அடுப்பின் வகையைத் தேர்வதில் இரண்டு வழிகள் உண்டு. மாடத்துக்குள் முழுதாக நுழையும் உள்ளடுப்பு இடத்தை அடைக்காது, பார்வைக்கும் ஒழுங்காக இருக்கும். ஆனால் அதன் வெப்பம் செங்கற்களுக்கு நடுவே சிறைப்படுவதால், அதை அறைக்குள் தள்ள மின்விசிறி வேண்டும். நான்கு காலில் நிற்கும் அடுப்பை மாடத்தின் வாயிலோ சற்று முன்னாலோ நிறுத்தி, புகைக்குழாயை மட்டும் உள்ளே திருப்பினால், மின்சாரம் இல்லாமலே கதிர்வெப்பம் கிடைக்கும். 1998 ஜனவரியில் உறைமழை பொழிந்து, மேய்ன் முதல் கனடாவின் கியூபெக் வரை மின்கம்பிகள் பனிக்கட்டியின் எடையால் அறுந்து விழுந்து, பல இடங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் போனபோது இந்த வேறுபாட்டின் பொருள் விளங்கியது. மின்தடையை எதிர்பார்த்து அடுப்பு வாங்குவோர் விசிறியை நம்பும் வகையைத் தேர்வது, பார்வைக்காகப் பயனை விட்டுக்கொடுப்பதாகும்.

முன்னால் தள்ளி நிறுத்தினால் தரையையும் மரத்தையும் பற்றிய கணக்கு மாறுகிறது. சோதனைச் சான்றிதழ் இல்லாத அடுப்புக்கும் எரியக்கூடிய எந்தப் பொருளுக்கும் இடையே 36 அங்குல இடைவெளியை 211-ஆம் தரவிதி கேட்கிறது; பின்னால் காற்றோட்டம் உள்ள உலோகக் கவசம் வைத்து இதைக் குறைக்கலாம், ஆனால் 12 அங்குலத்துக்குக் கீழே போகக்கூடாது. சான்றிதழ் பெற்ற அடுப்பானால் அதன் தகட்டில் பொறித்த அளவே விதி. கணப்பின் தலைமேல் இருக்கும் மரப்பலகையும், அதன் பக்கவாட்டு அலங்காரச் சட்டங்களும் இந்த எல்லைக்குள் வந்துவிடும். கிறிஸ்துமஸ் காலுறையைத் தொங்கவிட்டுப் பழகிய குடும்பங்களுக்கு இதைப் புரியவைப்பது எளிதன்று. கண்ணுக்குத் தெரியாத மரமே கூடுதல் ஆபத்தானது. கணப்புக்கு முன்னால் தரையில் நீட்டிய கல்தளத்துக்கு அடியில், கலவை இறுகும்வரை தாங்குவதற்காகக் கொத்தனார் வைத்த பலகைகள் பல வீடுகளில் எடுக்கப்படாமலே கிடக்கின்றன. மரம் உடனே தீப்பிடிக்க 250 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும்; ஆனால் அதைவிட மிகக் குறைந்த வெப்பமும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பட்டால் மரம் மெல்ல மெல்லக் கரியாகி, முன்னைவிடக் குறைந்த வெப்பத்திலேயே பற்றும் தன்மையை அடைகிறது. பத்து ஆண்டு தீங்கில்லாமல் எரிந்த அடுப்பு பதினோராம் ஆண்டும் அப்படியே எரியும் என்ற வாதம் இதனாலேயே செல்லாது. அடித்தளத்தில் இறங்கி, விளக்கை உயர்த்தி, கல்தளத்தின் அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பலகைகளைப் பெயர்த்தெடுப்பது அடுப்பு வருவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை. கல்தளம் நெருப்புக் கதவுக்கு முன்னால் குறைந்தது 16 அங்குலம் நீள வேண்டும். 18 அங்குலம் கேட்கும் உற்பத்தியாளர்களும் உண்டு. மாசசூசெட்ஸ் உள்ளிட்ட மாநிலங்களில் இவற்றுக்கெல்லாம் ஊராட்சியின் கட்டட அனுமதியும் ஆய்வாளரின் பார்வையும் தேவை. வீட்டுக் காப்புறுதி நிறுவனங்களும் அந்தத் தாளைக் கேட்கின்றன.

அடுப்பின் உள்ளமைப்பும் இதற்கிடையே மாறிவிட்டது. 1980-களில் மலைப்பள்ளத்தாக்கு ஊர்களில் குளிர்காலப் புகை தேங்கியதைக் கண்டு ஒரிகன் மாநிலம் 1986-இல் முதலில் ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1988-இல் பின்தொடர்ந்தது. 2015-இல் திருத்தி 2020 மே மாதம் முழுமையாக நடைமுறைக்கு வந்த விதிப்படி, அடுக்கிய மரக்கட்டைகளைக் கொண்டு சோதிக்கும்போது புதிய அடுப்பு ஒரு மணிக்கு 2 கிராமுக்கு மேல் நுண்துகளை வெளிவிடக்கூடாது. இதற்காகச் சில அடுப்புகளில் நெருப்பறையின் மேற்பகுதியில் சூடான காற்றைச் செலுத்தும் துளைக்குழாய்கள் ஆவிகளை அங்கேயே எரிக்கின்றன. வேறு சிலவற்றில் தேன்கூடு வடிவ வினையூக்கி, 260 டிகிரி அளவிலேயே அதே வேலையைச் செய்கிறது. படிவு இதனால் பெரிதும் குறைந்தது என்பது உண்மை. வெளியேறும் புகை முன்பைவிடக் குளிர்ந்தது என்பதும் உண்மை. பழைய அடுப்புகளைவிடப் புதியவை நல்ல லைனரை இன்னும் கண்டிப்பாகக் கேட்பதற்கு அதுவே காரணம். பல உற்பத்தியாளர்கள் குறைந்தது 15 அடி உயரப் புகைபோக்கி வேண்டும் என்று கையேட்டில் குறிப்பிடுகின்றனர்.

விறகை எடையில் 20 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இல்லாதவாறு உலர்த்த வேண்டும். நியூ இங்கிலாந்தில் விறகை விற்கும் அளவு கார்ட். 4 அடி உயரம், 4 அடி அகலம், 8 அடி நீளத்துக்கு நெருக்கி அடுக்கிய 128 கன அடி. ஆஷ், மேப்பிள் மரங்கள் பிளந்து அடுக்கிய ஓராண்டில் காயும். ஓக் இரண்டு கோடையாவது கேட்கும். இலையுதிர்காலத்தில் வண்டியில் வரும் ஓக் விறகு காய்ந்தது என்று விற்பவர் சொன்னாலும், ஒரு துண்டைப் பிளந்து புதிய பரப்பில் ஈரமானியின் ஊசிகளைக் குத்திப் பார்த்தபின் நம்புவதே நல்லது. வெட்டுமுனையில் தெரியும் வெடிப்புகள் மேற்பரப்பு காய்ந்ததை மட்டுமே காட்டும்.

பொருத்திய பின் இரண்டு பழக்கங்கள் தேவைப்படுகின்றன. முதலாவது, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியை அடுப்பு உள்ள தளத்திலும் படுக்கையறைப் பக்கத்திலும் வைப்பது. நிறமும் மணமும் இல்லாத இந்த நச்சுவளி மிகுவது பெருநெருப்பின்போது அன்று, விடியற்காலையில் தணல் மட்டும் மிஞ்சி, இழுவை தளர்ந்து, வெளியே காற்று அசையாத வேளையில். இரண்டாவது, ஆண்டுக்கு ஒருமுறையேனும் லைனரைத் துடைத்து ஆய்வது. தூரிகையில் வருவது உலர்ந்த பழுப்புத்தூளானால் அடுப்பு நன்றாக எரிகிறது. கருத்த செதில்களானால் விறகோ காற்றுத் திறப்போ தவறு. சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில் அள்ளி, மரத்தளத்தில் வைக்காமல், வெளியே கல்மேல் வைக்க வேண்டும். அணைந்ததாகத் தோன்றும் சாம்பலுக்குள் தணல் இரண்டு மூன்று நாள் உயிரோடு இருக்கும்.

எல்லாக் கணப்பும் அடுப்பை ஏற்பதில்லை. 1960-களுக்குப் பின் பல வீடுகளில் செங்கல்லுக்குப் பதிலாக, தகட்டால் ஆலையில் செய்து மரச்சட்டத்துக்குள் பொருத்திய கணப்புகள் வந்தன. முன்னால் பதித்த கல்லைப் பார்த்தால் வேறுபாடு தெரியாது, உள்ளே கையை விட்டு மேலே தட்டிப் பார்த்தால் தகடு ஒலிக்கும். அவற்றின் பாதுகாப்பே இரு தகடுகளுக்கு இடையே ஓடும் காற்றை நம்பியிருப்பதால், அந்தக் கணப்போடு சேர்த்துச் சோதித்து ஏற்கப்பட்ட உள்ளடுப்பைத் தவிர வேறொன்றை நுழைப்பதும், இடம் போதவில்லை என்று உட்தகட்டை வெட்டுவதும் வீட்டைக் கொளுத்துவதற்குச் சமம். மறுமுனையில், 1796-க்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் இடையே ரம்ஃபோர்டின் அளவுப்படி கட்டப்பட்ட கணப்புகள் நியூ இங்கிலாந்தின் பழைய வீடுகளில் இன்னும் கெடாமல் நிற்கின்றன. ஆழம் குறைந்த அவற்றில் உள்ளடுப்பு அடங்காது. குழாய் நுழையக் கழுத்தை உடைத்தால், ரம்ஃபோர்டு கணக்கிட்டுச் செய்தது எதுவும் மிஞ்சாது. அத்தகைய வீட்டில் அடுப்பு வேண்டுமென்றால், நடுத்தூணில் பின்னால் ஒட்டியிருக்கும் சமையலறைக் கணப்பு பெரும்பாலும் ஆழமானதாகவும் முன்பே பலமுறை மாற்றப்பட்டதாகவும் இருக்கும். லைனரை அதன் வழியே இறக்கி, கூடத்துக் கணப்பை அப்படியே விட்டுவிடலாம்.